பகலில் லைட் போட்டு வந்த கார்

போன மாதம் பிரஷர் குளிசை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வாசலில் இரண்டு அம்புலன்ஸ்காரர் கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்று அரசாங்க வண்டி, மற்றது தனியார் வண்டி. கொழும்புக்கு அனுப்ப வேண்டிய ஒரு நோயாளியை யார் ஏற்றுவது என்பதுதான் பிரச்சினை. அவர்களில் ஒருவன் என்னை அறிந்தவன். "ஐயா, நீங்கள் அந்தக் காலத்து அம்புலன்ஸ்காரர் தானே. நீங்களே சொல்லுங்கோ, பிரைவேட்டோ கவண்மேந்தோ, எது திறம்?" என்று கேட்டான். "நான் சொல்லி முடிக்கப் பொழுதுபட்டிடும் தம்பி. அதுவரைக்கும் உந்த மனிசன் தாங்காது. முதலிலை ஆரேன் ஒருத்தர் ஏத்துங்கோ" என்றேன். இரண்டு பேருக்கும் முகம் கறுத்துவிட்டது. ஆனால் ஏற்றினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு என்னிடம் ஒரு விடை இருக்கிறது. அது ஒரு பெண் சொல்லித் தந்த விடை என்பதால் எழுதிவைக்கிறேன்.

நான் எழுபத்தேழாம் ஆண்டு அம்புலன்ஸ் உதவியாளராகச் சேர்ந்தேன். எண்பத்தொன்பதில் மாற்றம் கிடைக்கும்வரை முல்லைத்தீவுப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில்தான் வேலை. ஆறு கிழமைப் பயிற்சி தந்தார்கள். ஸ்ரெச்சர் தூக்க, கட்டுப் போட, ஒட்சிசன் சிலிண்டர் திறக்க, வாந்தி கழுவப் பழக்கினார்கள். கடைசியாகச் சொன்னதுதான் கூடுதலாகப் பயன்பட்டது. பின்னாளில் சண்டைக் காலத்தில் எதையெல்லாமோ ஏற்றினோம். அதை இங்கே எழுதப்போவதில்லை.

அந்தக் காலத்து ஒழுங்கை முதலில் சொல்லிவிட வேண்டும். அரசாங்க அம்புலன்ஸ் ஒருவர் வீட்டுக்கும் போகாது. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோவது மட்டும்தான் அதன் வேலை. அதற்கும் டொக்டர் கையெழுத்து வைத்த ரிக்கற் என்கிற நோயாளித் துண்டு வேண்டும். வழியில் ஒருவன் விழுந்து கிடந்தாலும் ஏற்ற முடியாது, ஏற்றினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அப்படியென்றால் வீட்டில் விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது யார்? வாடகைக் கார்க்காரர்தான். பின்சீற்றுச் சாய்மனையைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்து, யன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணியை ஆட்டிக்கொண்டு ஹோர்ன் அடித்தபடி வருவார்கள். கொக்கிளாயிலிருந்தும் வருவார்கள், காட்டுக்குள் இருக்கும் குடியேற்றங்களிலிருந்தும் வருவார்கள். அவர்கள் இல்லாவிட்டால் எங்கள் ஆஸ்பத்திரிக்கு நோயாளியே வந்திருக்க மாட்டான்.

இருந்தாலும் எனக்கு அவர்களைக் கண்ணில் காட்டக்கூடாது. நான் காக்கிக் காற்சட்டை போட்டவன், படித்துப் பாஸ் பண்ணினவன். அவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நோயாளியை நெல்மூட்டை மாதிரி இழுத்து இறக்குகிறவர்கள். இப்படியொரு கண்டறியாத பெருமை எனக்கு. அவர்களில் என்னிடம் கூடுதலாக ஏச்சு வாங்கினவர் யாசீன் நானா. முல்லைத்தீவுக்காரர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட. பழைய சோமசெற் கார் ஒன்று வைத்திருந்தார். "தம்பி தவராசா, உன்ட வாய்க்கு ஒரு பிரேக் போட்டா நல்லம்" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

ஒருநாள் அவர் சிரிக்கவில்லை. கொக்கிளாயிலிருந்து நெஞ்சுநோ என்று ஒரு மீன்பிடிகாரரை ஏற்றிக்கொண்டு வந்தார். வாசலுக்கு வரும்போதே ஆள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குள் வந்த பிணம் மரண விசாரணை இல்லாமல் வெளியே போகாது. விசாரணை அதிகாரியோ வெளியூர் போயிருந்தார். இரண்டு நாள் அந்தக் குடும்பம் பிணவறை வாசலில் கிடந்தது. அறுக்க வேண்டாம் என்று செத்தவரின் மனிசி எல்லாரது காலையும் பிடித்தாள். நான் அவள் முன்னிலையிலேயே யாசீன் நானாவைப் பார்த்துக் கத்தினேன். "உயிரோடை கொண்டுவரத் தெரியாட்டில் ஏன் காணும் கொண்டு வாறீர்? உங்களாலைதான் இந்தச் சனத்துக்கு இந்த அவலம்!" அதற்குப் பிறகு அவரும் மற்றக் கார்க்காரரும் தங்களுக்குள் ஒரு முடிவெடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியவந்தது. வழியில் சீவன் போய்விட்டால் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. காரைத் திருப்பி, வெள்ளைத் துணியை உள்ளே எடுத்துவிட்டு, பகலிலும் முன்லைட்டைப் போட்டு மெதுவாக வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தெருவில் போகிறவர்கள் அந்த லைட்டைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார்கள்.

இது எங்கள் டொக்டருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

டொக்டர் சபாநாதன் மெலிந்த மனிதர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது பிழை விட்டால் அந்த ஆள் எழுதின ரிக்கற்றைக் கையில் எடுத்து, ஆள் அங்கே இல்லாதது போல வாசிப்பார். "எங்கடை தவராசா என்ன எழுதியிருக்கிறார் எண்டால், 'நாடி நல்லம்' எண்டு எழுதியிருக்கிறார். நாடி நல்லம் எண்டால் என்ன? வீட்டிலை சுகமாய் இருக்குதாமோ?" எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு நிலத்துக்குள் புகலாம் போல இருக்கும். அதற்குப் பிறகு நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணாமல் நான் ஒரு ரிக்கற்றும் எழுதியதில்லை.

ஒருவர் செத்துவிட்டாரா என்று பார்ப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். கழுத்துக் குழாயின் பக்கத்தில் இரண்டு விரலை மெத்தென்று வை. அழுத்தாதே, அழுத்தினால் உன்னுடைய நாடியே உனக்குக் கேட்கும். மணிக்கூட்டை இன்னொருவர் பிடிக்க வேண்டும். முழுதாக ஒரு நிமிடம். ஐம்பத்தொன்பது செக்கனில் கையை எடுத்தாலும் திரும்ப முதலிலிருந்து. அதற்குப் பிறகும் நாங்கள் எதுவும் சொல்லக்கூடாது. "செத்தது எண்டு சொல்லுறது என்ர வேலை. கொண்டு வாறது உம்மடை வேலை. என்ர வேலையை நீர் செய்தால் எனக்கு இஞ்சை என்ன வேலை?" என்பார்.

பாம்புக்கடி பற்றிச் சொல்லும்போது மட்டும் கதிரையை விட்டு எழும்பி நிற்பார். எட்டடி விரியன் கடித்தால் பெரிய வீக்கமும் இருக்காது, நோவும் இருக்காது. வயிற்றுக்குத்து வரும். பிறகு கண்மடல் சோரும், நாக்குத் தடிக்கும், கை கால் விழும், கடைசியில் மூச்சு விடுகிற தசையும் களைத்துப்போகும். "பார்த்தால் பிணம். கண்மணி விரிஞ்சிருக்கும், அதையும் நம்பாதையும். நாடியை மட்டும் நம்பும். அந்த ஆளுக்கு மூச்சு மட்டும் குடுத்துக்கொண்டிருந்தால் திரும்பி வருவான்." எங்கள் வண்டியில் மூச்சுக் கொடுக்கிற கறுப்பு இறப்பர்ப் பை ஒன்று இருந்தது. அவர் எங்கோ கெஞ்சி வாங்கி வந்தது. பையை அமத்தும்போது வாய்விட்டு எண்ண வேண்டும். பதினைந்து வர ஒரு நிமிடம், திரும்ப ஒன்று. மனதுக்குள் எண்ணுகிறவன் பதறிப்போய்க் கெதியாக அமத்திவிடுவான் என்பது அவருடைய கணக்கு.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள். வவுனியாவுக்கு ஒரு நோயாளியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். சாரதி சின்னத்துரை அண்ணை. சட்டம் என்றால் சட்டம், மணல் தரையில்கூட இடப்பக்கம்தான் ஓடுவார். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டானையும் தாண்டிவிட்டோம். காலை பத்து மணி வெய்யில். எதிரே ஒரு கார் மெதுவாக வருகிறது, முன்லைட் எரிகிறது. யாசீன் நானாவின் சோமசெற்.

உண்மையைச் சொல்கிறேன், நான் இரக்கப்பட்டு இறங்கவில்லை. பிழை பிடிக்கத்தான் இறங்கினேன். ஆஸ்பத்திரிக்கு இன்னும் பத்து மைல்கூட இல்லை. ஏன் திரும்புகிறார் என்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல வாய் துருதுருத்தது.

"என்ன நானா, ஆஸ்பத்திரி வாசல் கசக்குதோ?"

"தம்பி, இண்டைக்கு வேணாம். புள்ள மவுத்தாயிட்டா. பாவம், வூட்ட கொண்டு போறன். வழிய விடு" என்றார். அவருடைய கண் சிவந்திருந்தது.

பின்னால் பாயில் ஒரு பெண் கிடந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். தலையை மடியில் வைத்துக்கொண்டு புருசன் இருந்தான், பெயர் பெருமாள். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து, காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டுக் குடியிருந்த ஆட்கள். அவன் அழுதபடி சொன்னான்: "வெள்ளன எந்திரிச்சு வயித்த வலிக்குதுன்னா சாமி. கஞ்சி ஒத்துக்கலன்னு நெனச்சேன். அப்புறம் கண்ணத் தொறக்க முடியலேங்கிறா. பேச்சுக் கொழறுது. பாய ஒதறினா கருப்பா ஒண்ணு ஓடுது, வெள்ள வெள்ளையா வளையம் போட்டு. பரிகாரிக்கிட்ட தூக்கிட்டு ஓடினேன். மருந்து எறங்கல. லெச்சுமி போயிட்டா சாமி, போயிட்டா."

வயிற்றுவலி, கண்மடல், பேச்சு. டொக்டர் சொன்ன எட்டடி விரியன். "நானா, உங்கடை மணிக்கூட்டைக் கழட்டுங்கோ!" என்று கத்தினேன்.

"அந்தப் புள்ளய இனியும் சோலி பண்ணாத" என்றார் அவர்.

"கழட்டுங்கோ எண்டுறன்! எனக்கு முன்னாலை பிடியுங்கோ!"

என்னிடம் மணிக்கூடு இருக்கவில்லை. அவருடைய மணிக்கூடு, என்னுடைய இரண்டு விரல். தெருவோரப் பாலை மரத்துக்குக் கீழே, காரின் கதவு திறந்திருக்க, ஒரு நிமிடம். முதல் பத்துச் செக்கன் ஒன்றுமில்லை. இருபதிலும் ஒன்றுமில்லை. அழுத்தாதே, அழுத்தாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முப்பது தாண்டியதும் விரலுக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது போல ஏதோ ஒன்று. நின்றது. திரும்ப ஊர்ந்தது. "இருக்கு! ஐயோ நானா, இருக்கு!" என்று நான் போட்ட சத்தத்தில் பெருமாள் என் காலைப் பிடித்துவிட்டான்.

இனி ஏற்ற வேண்டும். ரிக்கற் இல்லை, கையெழுத்து இல்லை, தெருவில் கிடக்கிற நோயாளி. நான் சின்னத்துரை அண்ணையைப் பார்த்தேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது அவருக்கு, குமர்ப்பிள்ளைகள் மூன்று பேர். அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைப் பார்த்தார். "என்ன பிராக்குப் பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? பின்கதவைத் திறவன்ரா!" என்றார். அவர் இன்றில்லை. அந்த வார்த்தைக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடியவில்லை.

யாசீன் நானா தன் காரைத் திருப்பி எங்களுக்கு முன்னால் விட்டார். வெள்ளைத் துணி திரும்ப வெளியே வந்தது. மாட்டுவண்டி, மந்தை, பஸ் எல்லாவற்றையும் ஹோர்ன் அடித்தே ஒதுக்கிக்கொண்டு போனார். பிறகு எங்களையும் விட்டுவிட்டு முந்திப் போய் டொக்டரிடம் சொன்னார். வண்டிக்குள் நான் முகமூடியை அவள் முகத்தில் வைத்துப் பையை அமத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினைந்து. திரும்ப ஒன்று. பெருமாள் அவளுடைய தாடையைத் தூக்கிப் பிடித்திருந்தான். நெஞ்சு எழும்புகிறதா என்று பார்ப்பதும் எண்ணுவதும் தவிர எனக்கு வேறு நினைவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டொக்டர் வாசலில் நின்றார், விஷமுறிவு ஊசி ஆயத்தம். தொண்டைக்குள் குழாய் விட்டார். "வவுனியாவுக்குக் கொண்டுபோவமோ ஐயா?" என்று கேட்டேன். "தெருவிலை பை நிண்டால் முடிஞ்சுது. இஞ்சையே இருப்பம். கை மாத்திறதுக்கு ஆக்கள் வேணும்" என்றார். ஆட்கள் என்றால் யார்? நான், பெருமாள், இரண்டு சிற்றூழியர், பிறகு யாசீன் நானா. அது நோன்பு மாதம். தண்ணீர்கூடக் குடியாமல் வந்து கட்டிலடியில் நின்று, டொக்டர் காட்டிக்கொடுத்தபடி பையை அமத்தினார். அந்த நாட்களில் வந்த வாடகை ஓட்டம் எல்லாவற்றையும் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். "நாந்தானே திருப்பினன், நாந்தானே திருப்பினன்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மீன்பிடிகாரரின் மனிசி முன்னால் நான் கத்தியது நினைவுக்கு வரும். திருப்பியது அவர், திருப்ப வைத்தது நான். நானா அதை ஒருநாளும் எனக்குச் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காலை அவளுடைய கால் பெருவிரல் அசைந்தது. முதலில் கண்டது பெருமாள். அவன் போட்ட கூச்சலில் தாதி மிஸி கையிலிருந்த தட்டத்தைப் போட்டுவிட்டார். பின்னேரம் கண்மடல் பாதி திறந்தது. நாலாம் நாள் குழாயை எடுத்தார்கள்.

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, வராமல் விடுமோ! தெருவில் நோயாளி ஏற்றியது யார் அனுமதியில்? சின்னத்துரை அண்ணை இரண்டு நாள் சோறு தின்னவில்லை. டொக்டர் பதிலுக்கு ஒரே ஒரு வரி எழுதினார்: "நான் அனுப்பினேன்." அவர் அனுப்பவில்லை, எங்கள் எல்லாருக்கும் தெரியும். பிழையான ரிக்கற்றை எல்லார் முன்னாலும் வாசிக்கிற அந்த மனிதர், அன்றைக்கு எங்களுக்காக ஒரு பொய்யில் கையெழுத்து வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார்க்காரர் எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுக் கழுத்து நாடி பார்க்கப் பழக்கச் சொன்னார், என்னை. ஒவ்வொருவரும் மற்றவரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிமிடம் எண்ணினார்கள். நான் ஒருவரையும் ஏசவில்லை.

நாலைந்து மாதம் கழித்து லெச்சுமி வந்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தை. பெருமாள் தலையில் ஒரு கடகம் கச்சான். நானும் நானாவும் வாசலில் மரவாங்கு ஒன்றில் இருந்தோம். அவள் நிலத்தில் குந்தினாள். நானா அவளிடம், "மக, நான் பெரிய தப்புச் செஞ்சிட்டன். மன்னிச்சுக்க" என்றார்.

"தெரியுங்க. கேட்டுக்கிட்டுத்தானே கெடந்தேன்" என்றாள் அவள்.

எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. அவள் சாதாரணமாக, ஏதோ சந்தைக்குப் போய் வந்த கதை போலச் சொன்னாள். கண் திறக்க முடியவில்லை, விரல் அசைக்க முடியவில்லை, ஆனால் காது கேட்டுக்கொண்டே இருந்ததாம். "'மவுத்தாயிட்டா'ன்னு நீங்க சொன்னது கேட்டுச்சு. இவரு அழுவுறது கேட்டுச்சு. இல்லடா, இருக்கேன்டான்னு உள்ளுக்க கத்துறேன், வெளிய வரல. காரு திரும்பிச்சு. சரி, வீட்டுக்குத்தான் போறோம், புள்ள சத்தத்தையாவது கேட்டுட்டுச் சாவலாம்னு நெனச்சேன். ஒங்க மேல கோவம் இல்லீங்க நானா."

பிறகு என் பக்கம் திரும்பினாள். சிரித்தாள். "நீங்களுந்தான் சொன்னீங்க."

நான் இவ்வளவு நேரமும் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. பையை அமத்தத் தொடங்கிச் சிறிது நேரத்தில், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, முன்னால் இருந்த சின்னத்துரை அண்ணைக்கு நான் சொன்னேன்: "இது தப்பாது அண்ணை. எதுக்கும் ஓடுங்கோ, ஐயா பார்த்துச் சொல்லட்டும்." படித்துப் பாஸ் பண்ணின வாய், காக்கிக் காற்சட்டை போட்ட வாய். அவளுடைய முகத்துக்கு ஒரு சாண் மேலே இருந்து சொன்ன வார்த்தை அது.

"பிள்ளை, என்னை..." என்று தொடங்கினேன்.

"விடுங்க சாமி. தப்பாதுன்னுட்டு நீங்க நிறுத்தல இல்ல? எண்ணிக்கிட்டேதான வந்தீங்க. ஒண்ணு, ரெண்டுன்னு. எனக்குப் புடிச்சுக்கிறதுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. நீங்க பதினஞ்சு சொல்லிட்டு மூச்சு வாங்குவீங்க பாருங்க, அந்த எடத்துல உசிரே போயிரும், திரும்ப ஒண்ணு வருமா வராதான்னு. ஒருவாட்டி வண்டி மதகுல ஏறித் தூக்கிப் போட்டுச்சு. நீங்க பதிமூணு சொன்னீங்க, அப்புறம் நேராப் பதினஞ்சுக்குப் போயிட்டீங்க."

"அப்பிடியோ?" என்றேன்.

"ஆமாங்க. அந்தப் பதினால நாந்தாங்க உள்ள இருந்து சொன்னேன்."

யாசீன் நானா எழும்பித் தன் காருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் அந்த வாங்கிலேயே இருந்து, வந்துபோகிற சனம் எல்லாம் பார்க்க அழுதேன்.